மஞ்சள் அட்டையும் மேடத்தின் பழைய போனும்

கேலாங்கில் மஞ்சள் அட்டை என்றால் யாருக்கும் கால்பந்து ஞாபகம் வராது. இரட்டைப்படை எண் கொண்ட லோரோங்குகளில், வாசலில் பெரிய எண்விளக்கு பொருத்திய வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் வைத்திருக்கும் மருத்துவ அட்டையின் பெயர் அது. சிங்கப்பூரில் பாலியல் தொழில் செய்வது குற்றமில்லை. விடுதி நடத்துவதும் தரகு பார்ப்பதும் தெருவில் நின்று அழைப்பதும் குற்றம். ஆனாலும் குறிப்பிட்ட சில வீடுகளைக் காவல்துறை கண்டும் காணாமலும் விட்டுவைத்திருக்கிறது. அப்படி விட்டுவைப்பதற்கு ஒரு விலை உண்டு. 1976இல் தொடங்கிய மருத்துவக் கண்காணிப்புத் திட்டத்தின்படி அந்தப் பெண்கள் குறித்த இடைவெளியில் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும். போனதற்கான சாட்சிதான் அட்டை.

கேலாங்கின் இரவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஆண்கள். அதை அவர்களிடமே விட்டுவிடலாம். எனக்கு அந்த அட்டையில்தான் அக்கறை. ஒரு பெண்ணின் கருப்பை, அவளுக்கு வந்த தொற்று, அவள் வேண்டாம் என்று முடிவு செய்த கரு பற்றிய தகவல் முதலில் யார் கைக்குப் போகிறது? இன்றைக்கு இந்தக் கேள்வியைக் கைப்பேசியை வைத்துக் கேட்கிறோம். மாதவிடாய்ச் செயலி யாருக்குத் தகவல் விற்கிறது, கூகுளில் தேடியது எங்கே போய்ச் சேருகிறது என்றெல்லாம். ஆனால் கேள்வி கைப்பேசியைவிடப் பழசு. இந்த ஊரில் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு வயதாகிறது.

நீரிணைக் குடியேற்றங்கள் என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்லும் ஆட்சிப்பகுதியில் 1870இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. பெயரைப் பார்த்து காலரா, அம்மை என்று நினைத்துவிடக் கூடாது. இது மேகநோய்ச் சட்டம். விடுதிகளும் அவற்றிலுள்ள பெண்களும் பதிவு செய்யப்பட வேண்டும். பெண்கள் பரிசோதனைக்கு வர வேண்டும். நோய் இருந்தால் லாக் ஆஸ்பத்திரியில் அடைக்கப்படுவார்கள். ஆண்களுக்குப் பதிவும் இல்லை, பரிசோதனையும் இல்லை. பிரிட்டன் 1864லிருந்து தன் துறைமுக நகரங்களிலும் படைமுகாம் ஊர்களிலும் நடத்திக்கொண்டிருந்த ஏற்பாட்டின் காலனிப் பதிப்பு இது. அங்கே பெண்கள் இயக்கம் எதிர்த்துப் போராடி 1886இல் அதை ஒழித்தது. இங்கேயும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சட்டம் திரும்பப் பெறப்பட்டது.

தமிழர்களான நமக்கு இது கடல் தாண்டிய கதை கிடையாது. மதராஸ் மாகாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லாக் ஆஸ்பத்திரிகள் வந்துவிட்டன. பட்டாளம் எங்கே இருந்ததோ அங்கே இவையும் இருந்தன. பரங்கிமலை, திருச்சி, வெலிங்டன் என்று ஊர் ஊராக ஆண்டறிக்கை அச்சடித்தார்கள். 1868இல் இந்தியாவுக்கென்றே தனிச்சட்டமும் வந்தது. அந்த அறிக்கைகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் மின்படியாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. எம்ஆர்டியில் உட்கார்ந்தபடி நான் அவற்றைக் கைப்பேசியிலேயே வாசித்திருக்கிறேன். எத்தனை பெண்கள் பதிவேட்டில், எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள், எத்தனை பேர் பரிசோதனைக்கு வராமல் தப்பினார்கள், படைவீரர்களிடையே நோய் எவ்வளவு குறைந்தது என்று பட்டியல் பட்டியலாகப் போகும். அந்தப் பெண்ணுக்கு வலித்ததா என்பதற்கு மட்டும் அந்தப் பட்டியல்களில் கட்டம் கிடையாது.

இந்த இடத்தில் வரலாறு வாசிக்கிற யாருக்கும் ஒரு சங்கடம் வரும். சிங்கப்பூரின் விடுதிப் பெண்கள் பற்றி நமக்கு இன்று ஏதாவது தெரியும் என்றால் அதற்குப் பெரிய காரணம் ஜேம்ஸ் பிரான்சிஸ் வாரன் 1993இல் வெளியிட்ட 'ஆ கூ அண்ட் கராயுகி-சான்' என்ற நூல். ஆ கூ என்பது சீனப் பெண்களையும் கராயுகி-சான் என்பது ஜப்பானியப் பெண்களையும் குறிக்கும் சொற்கள். வாரன் பெரிதும் நம்பியது மரண விசாரணைப் பதிவேடுகளை. ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாலோ கொலையானாலோ அவள் அறையில் என்ன இருந்தது, அவளுக்கு என்ன நோய், யாரிடம் கடன், யாரோடு பழக்கம் என்று அதிகாரிகள் விசாரித்து எழுதிவைத்தார்கள். அவற்றை வைத்துத்தான் அவர் அந்தப் பெண்களுக்குப் பெயரையும் வாழ்க்கையையும் திருப்பிக் கொடுத்தார். அருமையான புத்தகம். ஆனால் அதில் வருகிற பலரும் தன் அறைக்குள் எட்டிப்பார்க்க யாருக்கும் அனுமதி கொடுத்தவர்கள் இல்லை. உளவு பார்க்கிறவனுக்கும் வரலாறு எழுதுகிறவருக்கும் வேண்டியது ஒரே பேரேடுதான். கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. இதற்குப் பிறகு வருவேன்.

லாக் ஆஸ்பத்திரி போனாலும் பரிசோதனைப் பழக்கம் போகவில்லை. பின்னாளில் மிடில் ரோடு மருத்துவமனை தோல்நோய்க்கும் பால்வினை நோய்க்கும் என்றே இயங்கியது. 1988இல் அது மூடப்பட்டு தேசியத் தோல்நோய் நிலையம் வந்தது. பால்வினைத் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவின் மருந்தகம் கிளந்தான் லேனில் பல ஆண்டுகள் இருந்தது. ஜாலான் புசாருக்குப் பக்கத்தில். தேக்கா சந்தையிலிருந்து நடந்தே போய்விடலாம். நியாயமாகப் பேசினால், அந்தப் பிரிவின் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் 1990களில் செய்த வேலையால் ஆணுறைப் பயன்பாடு வெகுவாக ஏறியது, மேகவெட்டை நோய் இறங்கியது. கண்காணிப்பு எல்லாமே கொடுமை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அந்தப் பெண்களில் பலருக்கு அது மருத்துவமாகவும் இருந்தது.

அதே கட்டடத்தில்தான் பெயர் சொல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளும் வசதியையும் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திவந்தது. அடையாள அட்டை கேட்க மாட்டார்கள், பெயர் கேட்க மாட்டார்கள், ஒரு எண் கொடுப்பார்கள். ஒருத்திக்கு அவள் பெயரில் அட்டை. இன்னொருத்திக்குப் பெயரே வேண்டாம். இரண்டும் ஒரே வாசல். என்ன வித்தியாசம் என்றால், முதலாமவளின் பிழைப்பு அந்த முடிவைக் காட்டுவதில் இருக்கிறது.

கருக்கலைப்பின் கதையும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் தொடங்குகிறது. தொற்றுநோய்ச் சட்டம் வந்த மறுவருடம், 1871இல், நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. இந்திய தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. பிரிவு எண்கள்கூட அப்படியே. 312ஆம் பிரிவு கருச்சிதைவு உண்டாக்குவதைக் குற்றம் என்றது. தானே செய்துகொள்ளும் பெண்ணும் அதில் அடக்கம். சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஒரே எண்ணில் ஒரே குற்றமாக இருந்தது. இலங்கையில் அது 303ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் மட்டும் விதிவிலக்கு. இன்றும் அங்கே அவ்வளவுதான்.

சிங்கப்பூர் 1969இன் கடைசி வாரத்தில் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1970 மார்ச் 20 முதல் நடைமுறை. 1974இல் இன்னும் தளர்த்தினார்கள். அப்போதைய சூழலையும் நினைத்துக்கொள்ள வேண்டும். தேக்காவை ஒட்டியிருந்த காண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய எண். பயந்துபோன அரசு குடும்பக் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தது. ஆக, பெண்ணுரிமையைவிட மக்கள்தொகைக் கணக்குதான் இந்தச் சட்டத்துக்கு அதிகம் வழிவிட்டது என்பது என் வாசிப்பு. ஆனால் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவை எழுதியவர் யாராக இருந்தாலும் கைகொடுக்கத் தோன்றும். சிகிச்சையில் பங்குபெற்றவரோ ஆவணங்களைப் பராமரிப்பவரோ, அந்தப் பெண் வெளிப்படையாகச் சம்மதித்தால் ஒழிய, விதிகள் அனுமதிக்கும் சில தேவைகள் தவிர, அது பற்றி யாருக்கும் சொல்லக் கூடாது. மீறினால் தண்டனை. கணவனுக்கும் சொல்லக் கூடாது, மாமியாருக்கும் சொல்லக் கூடாது.

இந்தியா இதில் இன்னும் ஒரு நுணுக்கமான வேலை செய்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிமுறைகள் மருத்துவமனையின் சேர்க்கைப் பேரேட்டை ரகசிய ஆவணம் என்கின்றன. பெண்ணின் பெயர் அந்த ஒரு பேரேட்டில்தான் இருக்கலாம். நோயாளிக் குறிப்பு, அறுவை அறைப் பதிவு, மறுபார்வை அட்டை எதிலும் பெயர் வரக் கூடாது. பேரேட்டின் வரிசை எண்ணைத்தான் எழுத வேண்டும். கணினி வராத காலத்தில், காகிதத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு, தகவலையும் ஆளையும் பிரித்துவைக்கும் வழி. இன்றைய மென்பொருள்காரர்கள் இதற்குப் பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். 2021 திருத்தம் இதை 5ஏ பிரிவாகச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், மைனர் பெண் கருக்கலைப்புக்கு வரும்போது போக்சோ சட்டப்படி தகவல் தரும் மருத்துவர், அவளும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்றது. நடைமுறையில் எந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் எப்படி என்பது வேறு விஷயம். சட்டத்துக்குப் புரிந்திருக்கிறது என்பதையாவது சொல்லலாம்.

அப்படியானால் சிங்கப்பூரில் சிக்கல் எங்கே? சிக்கல், ஒரே பெண்ணுக்கு இரண்டு சட்டம் இருப்பதில்.

வீட்டுப் பணிப்பெண்களைச் சொல்கிறேன். 1978இல் பிலிப்பீன்ஸ், இலங்கை, தாய்லாந்துப் பெண்களை அனுமதிப்பதாகத் தொடங்கிய திட்டம். இன்று இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண்களும் உண்டு, மலையகத் தமிழ்ப் பெண்களும் உண்டு. வேலை அனுமதிச் சீட்டின் நிபந்தனைகளில் ஒன்று, கர்ப்பமாகக் கூடாது என்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. அதில் கர்ப்பமும் பார்ப்பார்கள், மேகநோயும் பார்ப்பார்கள், வேறு தொற்றுகளும் பார்ப்பார்கள். முடிவு மனிதவள அமைச்சுக்குப் போகிறது. கர்ப்பம் என்றால் பெர்மிட் ரத்து, ஊருக்கு விமானம்.

அதே பெண், வேலை அனுமதி வைத்திருப்பவர் என்ற வகையில், 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கேயே கருக்கலைப்புக்கும் தகுதியானவர். அந்த மருந்தகத்துக்குள் 7ஆம் பிரிவு அவளையும் காக்கும். ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமே. ஆலோசனை கட்டாயம், ஆலோசனைக்குப் பிறகு 48 மணிநேரம் காத்திருப்பு கட்டாயம். அப்படியென்றால் குறைந்தது இரண்டு பயணம். வாரம் ஒரு ஓய்வுநாள் என்பது 2013இல்தான் சட்டமானது. அதையும் காசு கொடுத்து ஈடுகட்டலாம் என்றிருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது விட்டே தீர வேண்டும் என்றது 2023இல். அந்த ஒரு நாளும் பெரும்பாலும் ஞாயிறு, மருந்தகங்கள் பூட்டிக்கிடக்கும் நாள். எனவே அவள் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். மருந்தகக் கதவுக்கு உள்ளே இருக்கிற ரகசியத்துக்கு, வெளியே ஒரு வெள்ளியும் பெறாது.

பணிப்பெண்களுக்குக் கைப்பேசி சொல்லித்தரும் ஒரு சின்ன ஞாயிறு வகுப்பில் நான் கொஞ்ச காலம் கூடமாட இருந்தேன். பணம் அனுப்புவது, மோசடி அழைப்பை அடையாளம் காண்பது போன்ற பாடங்கள். ஒருநாள் கடவுச்சொல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரத்தநாட்டுப் பக்கத்து அக்கா ஒருவர் சிரித்தார்.

"பூட்டுறதுக்கு அதுல என்ன பாப்பா இருக்கு? என் உடம்புல என்ன நடக்குதுன்னு எனக்கு முன்னாடி மேடத்துக்குத் தெரிஞ்சிடும். கிளினிக்ல ரிசல்ட்ட எங்கிட்டயா சொல்றாங்க?"

"கேட்டா சொல்லுவாங்கக்கா. அது உங்க ரிசல்ட்."

"கேக்கலாம். கேட்டா ஏன் கேக்குறேன்னு கேப்பாங்கல்ல?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 150 வருடத்தில் அட்டை தாளிலிருந்து திரைக்கு மாறியிருக்கிறது. ஆனால் தன் முடிவைத் தானே கேட்பதுகூடச் சந்தேகத்துக்கு இடமாகிற நிலைமை மாறவில்லை.

முதலாளிகளை வில்லன்களாக்குவதும் எனக்கு உவப்பில்லை. ஐயாயிரம் வெள்ளி பிணைத்தொகையைப் பல ஆண்டுகள் அவர்கள் தலையில் கட்டி, பணிப்பெண் கர்ப்பமானால் அது போய்விடும் என்று பயமுறுத்தி வைத்திருந்தது அரசின் விதி. 2010இலிருந்து அந்தப் பொறுப்பைத் தளர்த்தினார்கள். ஆனால் ஒரு தலைமுறை முதலாளிகளுக்கு வேவு பார்க்கக் கற்றுக்கொடுத்தாயிற்றே. விதி போனதும் பழக்கமும் போய்விடுமா என்ன? இன்னொரு பக்கம், இதே ஆறுமாதப் பரிசோதனைதான் ஓர் உயிரைக் காக்கவும் கூடும். 2016இல் மியன்மார்ப் பெண் ஒருவர் வேலை செய்த வீட்டில் பட்டினி போட்டு அடித்துக் கொல்லப்பட்டார். கைப்பேசி கிடையாது, விடுமுறை கிடையாது என்பதுதான் அவருக்கு இருந்த ஏற்பாடு. அந்த வழக்குக்குப் பிறகு, 2021 ஆகஸ்டிலிருந்து, மருத்துவர்கள் எடையையும் சந்தேகத்துக்குரிய காயங்களையும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று சேர்த்தார்கள். ஒரே படிவத்தில் ஒரு கட்டம் அவளைக் காப்பாற்றுகிறது, இன்னொரு கட்டம் அவளை ஊருக்கு அனுப்புகிறது.

சேகரித்த தகவல் சேகரித்த காரணத்தோடு நின்றுவிடாது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். சென்னையில் 1986இல் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா, மயிலாப்பூர்க் காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்தார். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் அதில்தான் தெரிந்தன. எதற்காக எடுக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே பின்னாளில் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். ஆய்வாகப் பார்த்தால் பெரும் சாதனை. எத்தனையோ உயிரைக் காத்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில், தொற்று உறுதியான பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் தமிழ்நாட்டுக் காப்பகங்களில் அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் வெளியே விட்டார்கள். லாக் ஆஸ்பத்திரி ஒழிந்து நூறு வருடம் ஆகியிருந்தது.

சிங்கப்பூரில் 2019 ஜனவரி 28 அன்று சுகாதார அமைச்சு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எச்.ஐ.வி. பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரம் இணையத்தில் கசிந்துவிட்டது. பெயர், அடையாள எண், தொலைபேசி, முகவரி, பரிசோதனை முடிவு எல்லாம். பதிவேட்டைக் கையாண்ட பிரிவுக்குத் தலைவராக இருந்த மருத்துவரின் வழியாகத்தான் அது அவருடைய கூட்டாளியின் கைக்குப் போயிருந்தது. 5,400 பேர் உள்ளூர்க்காரர்கள். 8,800 பேர் வெளிநாட்டவர், வேலை அனுமதிக்கு விண்ணப்பித்தவர்களும் அதில் உண்டு. ஊடகங்கள் உள்ளூர்க்காரர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதின. எனக்கு அந்த 8,800தான் உறுத்தியது. பரிசோதனையில் தொற்று தெரிந்தால் திருப்பி அனுப்புவதுதான் அப்போதைய நடைமுறை. அனுப்பிவிட்டோம், பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம். அறந்தாங்கிப் பக்கம் ஏதோ ஒரு ஊரில் பத்து வருடம் கழித்து அவருடைய பெயர் இணையத்தில் சுற்றுகிறது என்று அவருக்கு யார் போன் பண்ணிச் சொல்வது?

டிரேஸ்டுகெதர் கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2020 மார்ச்சில் வந்தது. தொற்றுத் தடமறிய மட்டும்தான் என்று அமைச்சர் சொன்னார். 2021 ஜனவரி 4 அன்று நாடாளுமன்றத்தில், குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல்துறையும் அதை எடுக்கலாம் என்று தெரிய வந்தது. சலசலப்பு எழுந்ததும் பிப்ரவரியில் சட்டம் கொண்டுவந்து ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினார்கள். வரம்பு கட்டியது நல்லதுதான். முதலில் சொன்ன 'மட்டும்' எவ்வளவு நாள் தாங்கியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இப்போது கைப்பேசிக்கு வரலாம். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்த பிறகுதான் உலகம் இதைப் பேசத் தொடங்கியது என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே இந்தியானா மாநிலத்தில் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவருக்கு 2015இல் 20 ஆண்டு சிறை விதித்தார்கள். ஹாங்காங்கிலிருந்து மாத்திரை வரவழைப்பது பற்றித் தோழிக்கு அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள் சாட்சியாக வைக்கப்பட்டன. மறுவருடம் மேல்முறையீட்டு நீதிமன்றம் முக்கியக் குற்றச்சாட்டை ரத்து செய்தது; அதற்குள் அவர் ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார். நெப்ராஸ்காவில் ஒரு தாயும் மகளும் ஃபேஸ்புக்கில் பேசிக்கொண்டதைக் காவல்துறை ஆணை காட்டி வாங்கியது. ஃப்ளோ என்ற மாதவிடாய்ச் செயலி பயனர்களின் உடல்தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றோடு பகிர்ந்தது குறித்து அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 2021இல் சமரசம் செய்துகொண்டது. கவனித்துப் பார்த்தால், பல வழக்குகளில் காட்டிக்கொடுத்தது அதிநவீன உளவுக் கருவி இல்லை. சாதாரண மெசேஜ்தான்.

இங்கேயும் 312 இன்னும் இருக்கிறது. மருந்தகத்துக்குப் போக வழியில்லாமல் கைப்பேசியில் மாத்திரை தேடுகிறவள் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறாள். அவள் சிம் கார்டு அவள் பெயரில்தான் இருக்கும். 2005 நவம்பரிலிருந்து ப்ரீபெய்டு அட்டைக்கும் அடையாளப் பதிவு கட்டாயம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் என்று 2012இல் ஒன்று வந்தது. அது நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். அரசு அமைப்புகளுக்குப் பொருந்தாது.

ஆனால் அந்த வகுப்பில் நான் பார்த்த வரையில், காவல்துறையும் அமைச்சும் அந்த அக்காமார்களுக்கு ரொம்பத் தூரம். பக்கத்திலேயே இருப்பது மேடத்தின் பழைய போன். வீட்டில் புதுசு வாங்கியதும் பழசைப் பணிப்பெண்ணுக்குக் கொடுப்பார்கள். நல்ல மனசோடுதான். அதில் அந்தக் குடும்பத்தின் கூகுள் கணக்கு அப்படியே உள்நுழைந்தபடி இருக்கும். அவள் தமிழில் 'நாள் தள்ளிப்போனால்' என்று தேடினால் அது வரவேற்பறை டேப்லெட்டின் தேடல் பட்டியலில் வந்து உட்காரும். அவள் எடுத்த மாத்திரை அட்டையின் படம் குடும்ப ஆல்பத்தில் தானாக ஏறும். வாட்ஸ்அப்பை யாராவது ஒருமுறை கணினியில் இணைத்திருந்தால் அது அங்கேயும் திறந்திருக்கும். இருப்பிடத்தைக் குடும்பத்தோடு பகிரும் வசதியை 'தொலைஞ்சு போயிடக் கூடாதுல்ல' என்று போட்டுவைத்திருப்பார்கள்.

ஆகவே நாங்கள் சொல்லிக்கொடுத்தவை மிக எளிய சங்கதிகள். கைக்கு வந்த போனை முதலில் முழுதாக அழித்து, சொந்தக் கணக்கு போடுவது. அமைப்புகளில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து பார்ப்பது. உடம்பு சம்பந்தமாகத் தேடும்போது வீட்டு வைஃபையை அணைத்துவிட்டுத் தன் டேட்டாவில், தேடல் பதியாத சாளரத்தில் தேடுவது. தோழியோடு பேசுவதை ஒருநாளில் தானே மறையும்படி வைப்பது. அதைவிட நல்லது, ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசுவது. மாதவிடாய்த் தேதிக்குச் செயலி வேண்டாம், காலண்டரில் ஒரு புள்ளி போதும். நம் பாட்டிமார் கரிக்கோடு போட்ட சுவர்க்கணக்கை எந்தக் கம்பெனியும் வாங்கவில்லை. ஆலோசனை வேண்டுமென்றால் ஹோம் அமைப்பின் உதவி மேசை உண்டு, ஞாயிறன்றும் ஆள் கிடைக்கும் இடங்கள் எவை என்று ஒருவருக்கொருவர் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டார்கள். எழுதிக் கொடுக்கவா என்று கேட்டேன். "வேண்டாம் பாப்பா, மனசுல வச்சுக்கிறோம்" என்றார்கள். பேரேட்டின் தன்மை என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

முன்பு பாதியில் விட்ட சங்கடம் இங்கேதான் திரும்ப வருகிறது. இன்னும் எழுபது எண்பது ஆண்டு கழித்து, வாரனைப் போல யாரோ ஒருவர், அல்லது ஒரத்தநாட்டு அக்காவின் பேத்தியே, சிங்கப்பூரின் பணிப்பெண்களைப் பற்றி எழுத உட்காரலாம். ஆறுமாதப் பரிசோதனையின் எண்ணிக்கைகள் அவருக்குக் கிடைக்கும், லாக் ஆஸ்பத்திரி அறிக்கை எனக்குக் கிடைத்த மாதிரி. வரிசை வரிசையாக, சுத்தமாக. அந்தப் பெண்கள் தங்களுக்குள் என்ன பேசினார்கள், யார் யாருக்குத் துணை போனார்கள், 48 மணிநேரத்தை எந்தத் தோழியின் அறையில் கழித்தார்கள் என்பது கிடைக்காது. மறையும்படி வைக்கச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அவர் கோபித்துக்கொள்ளட்டும்.